தூக்குவாளியை நிரப்பியவர்கள்: பியூட் நகரத்துப் பெண்களின் வரலாறு

1889ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் இருக்கும் மொன்டானா, தனி மாநிலமாக ஆகவிருந்த நேரம். அதன் அரசியல் சட்டத்தை எழுதுவதற்காக ஒரு அவை கூடியது. பியூட் நகரத்தின் செம்புச் சுரங்க முதலாளிகளில் ஒருவரான வில்லியம் கிளார்க் அங்கே எழுந்து பேசினார். அந்த நாட்களில் பியூட்டில் கனிமத்தை விறகோடு சேர்த்துக் குவித்து, திறந்தவெளியிலேயே எரிப்பார்கள். கந்தகமும் ஆர்சனிக்கும் கலந்த புகை ஊரை மூடிக் கிடக்கும். புல்லும் மரமும் கருகின. மூச்சுத்திணறி மக்கள் செத்தார்கள். கிளார்க்குக்கு அது குறையாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்தப் புகை மிகவும் பிடிக்கும், அதில் இருக்கும் கொஞ்சம் ஆர்சனிக் அவர்களுடைய முகத்துக்கு நல்ல நிறத்தைக் கொடுக்கிறது என்ற பொருளில் அவர் சொன்னார்.

அவையில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். புகையைச் சுவாசித்த பெண்களில் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு ஓட்டுரிமையும் கிடையாது. அதற்கு அவர்கள் இன்னும் 25 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பியூட்டைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளைப் புரட்டினால் ஆண்களே நிறைந்திருப்பார்கள். மார்கஸ் டேலி, கிளார்க் போன்ற 'செம்பு ராஜாக்கள்', பூமிக்கடியில் துளையிட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், அவர்களுடைய வேலைநிறுத்தங்கள், குடி, சண்டை. 'உலகிலேயே செல்வம் மிகுந்த மலை' என்று அந்த ஊர் தன்னைச் சொல்லிக்கொண்டது. செம்பு ஆண்களால் வந்தது, சரி. ஆனால் சுரங்க முகாமாகத் தொடங்கிய அந்த இடம் மனிதர்கள் வாழும் நகரமானது யாரால்?

அடுத்த ஊர் தொலைவில்

அமெரிக்க மேற்கு என்றதும் குதிரையில் வரும் ஆண்கள்தாம் நமக்கு நினைவுக்கு வருவார்கள். ஹாலிவுட் கொடுத்த படம் அது. உண்மையில் அந்தப் பெருநிலத்தில் வாழ்க்கை, ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருக்கும் நடுத்தர நகரங்களைச் சுற்றியே நடந்தது, இன்றும் அப்படித்தான். மொன்டானாவின் பரப்பு சுமார் 3.8 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் வாழ்பவர்கள் சுமார் 11 லட்சம் பேர்தான். பியூட்டில் இன்று சுமார் 35 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நமக்கு இது சின்ன ஊர். மொன்டானாவில் பெரிய நகரங்களின் வரிசையில் ஐந்தாவது இடத்தில் இருக்கும் ஊர்.

பியூட்டிலிருந்து தலைநகர் ஹெலினாவுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். மிசூலாவுக்கு 190 கிலோமீட்டர். ராக்கி மலைத்தொடரில் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் ஊர் இருக்கிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே போகும் நாட்கள் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் வேலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த ஊருக்குப் போய்விட முடியாது. கணவன் அடிக்கிறான் என்றாலும், கடைக்காரர் கடன் தர மறுக்கிறார் என்றாலும், மருத்துவமனை சரியில்லை என்றாலும் அப்படித்தான். இருக்கும் ஊரையே இருக்கக்கூடியதாக மாற்றியாக வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் பெண்களின் தலையில் விழுந்தது.

மின்விளக்கும் தொலைபேசியும் பரவத் தொடங்கிய 1880களில் செம்புக் கம்பிக்கான தேவை பெருகியது. அயர்லாந்து, இங்கிலாந்தின் கார்ன்வால், ஃபின்லாந்து, இத்தாலி, குரோஷியா, செர்பியா, சீனா என்று எங்கெங்கிருந்தோ மக்கள் பியூட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தில் 60 ஆயிரத்துக்கும் சற்று அதிகமானோர் இருந்தார்கள். இன்றைய மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், ஊர் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பது தெரியும்.

சோறும் படுக்கையும்

சுரங்கத்துக்கு வந்த ஆண்களில் பலர் தனியாக வந்தவர்கள். அவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் தரும் விடுதிகள் ஊர் முழுக்க இருந்தன. பல விடுதிகளைப் பெண்களே நடத்தினார்கள். பெரிய விடுதிகளில் சமையலுக்கும் பரிமாறுவதற்கும் சுத்தம் செய்வதற்கும் சம்பளத்துக்குப் பெண்கள் வேலை செய்தார்கள். சாதாரண வீடுகளிலும் ஒரு அறையை ஒதுக்கி இரண்டு மூன்று பேரை வைத்துக்கொள்வது வழக்கம். பகல் ஷிப்ட் போகிறவர் எழுந்த படுக்கையில் இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர் படுப்பார். சுரங்கம் ஷிப்ட் முறையில் ஓடியதால் அடுப்பும் ஷிப்ட் முறையில் எரிந்தது. ஆனால் அடுப்பின் முன்னால் நின்றவருக்கு ஷிப்ட் மாறவில்லை.

ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு தூக்குவாளியோடு சுரங்கத்துக்குள் இறங்குவார். கார்ன்வால் குடும்பங்கள் கொண்டுவந்த 'பாஸ்டி' அதில் இருக்கும். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து மடித்துச் சுட்ட பண்டம் அது. வீட்டிலிருந்து வந்த கடிதம் என்று அதைச் செல்லமாகச் சொல்வார்களாம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தினமும் விடியும் முன் எழுந்து அந்தக் 'கடிதத்தை' எழுதியவருக்குக் கூலி இல்லை. சுரங்க நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் வெடிமருந்துக்கும் மரத்தூணுக்கும் செலவுக் கணக்கு இருந்தது. தூக்குவாளிக்கு இல்லை.

தூசுக்கும் அப்படியொரு கணக்கு உண்டு. பியூட்டின் கடினமான பாறையைத் துளையிடும்போது எழும் நுண்ணிய சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து, அதை மெல்ல மெல்ல இறுகச் செய்யும். சிலிக்கோசிஸ் என்பது அந்த நோயின் பெயர். 1910களின் பிற்பகுதியில் அரசு மருத்துவர்கள் ஆயிரத்துச் சொச்சம் தொழிலாளர்களைச் சோதித்தபோது, பத்தில் நான்கு பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. காசநோயும் அதோடு சேர்ந்துகொள்ளும். நாற்பது வயதில் மூச்சிரைத்துப் படுத்துவிட்ட கணவனைப் பார்த்துக்கொள்வது, அவனுடைய சளித் துணியைத் துவைப்பது, குழந்தைகளுக்குத் தொற்றாமல் காப்பது, இத்தனைக்கும் நடுவே குடும்பத்துக்குச் சம்பாதிப்பது ஆகியவை எந்த அறிக்கையிலும் எண்ணாக வரவில்லை.

ஆறாவது மாதத்திலேயே ஒரு சங்கம்

இவ்வளவையும் பெண்கள் வாய்மூடிச் செய்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பியூட் தொழிற்சங்கங்களின் கோட்டை. 1878இலேயே அங்கே சுரங்கத் தொழிலாளர் சங்கம் பிறந்துவிட்டது. சுரங்கத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு மூன்றரை டாலர் கூலியை அது நீண்ட காலம் காத்து நின்றது. அந்த ஊரில் வளர்ந்த பெண்களுக்குச் சங்கம் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

1890 ஜூன் மாதத்தில் அவர்கள் தங்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் 'பெண்கள் பாதுகாப்புச் சங்கம்' என்ற பெயரில் அது அறியப்பட்டது. உணவகத்தில் பரிமாறுகிறவர்கள், சமையல் செய்கிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், விடுதி அறைகளைச் சுத்தம் செய்கிறவர்கள் என்று பல வேலைகளில் இருந்த பெண்கள் ஒரே சங்கத்தில் சேர்ந்தார்கள். அமெரிக்காவில் அந்தக் காலத்துச் சங்கங்கள் பெரும்பாலும் ஒரு கைத்தொழிலுக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்தன. திறன் தேவையில்லாத வேலை என்று ஒதுக்கப்பட்டவற்றை அவை திரும்பியும் பார்க்கவில்லை. அந்த வேலைகளைச் செய்த பெண்களோ தமக்குள் இருந்த பிரிவுகளைத் தாண்டி ஒன்றுசேர்ந்தார்கள்.

பிரிட்ஜெட் ஷே, லீனா மட்டாஸ்ச் போன்றவர்கள் இந்தச் சங்கத்தை நடத்தினார்கள். வேலை நேரம், கூலி, ஓய்வுநாள் எல்லாம் ஒப்பந்தமாக எழுதப்பட்டன. சங்கத்தோடு சண்டை போட்ட உணவகத்தில் சுரங்கத் தொழிலாளி கால் வைக்க மாட்டார். ஊரில் வேறு வேலை இல்லாதது எப்போதும் முதலாளிக்குச் சாதகம்தான். ஆனால் ஒருவரை ஒருவர் அறிந்த ஊரில், சங்கத்தை மீறுகிற முதலாளிக்கும் போக்கிடம் இல்லை. ஒதுக்குப்புறமான நகரத்தின் பலவீனத்தையே பெண்கள் தங்கள் பலமாக மாற்றிக்கொண்டார்கள்.

இந்தச் சங்கம் 80 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1973இல் ஆண் சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்களின் சங்கத்தோடு அது இணைய நேர்ந்தது. பாலின அடிப்படையில் தனிச் சங்கம் கூடாது என்ற சமத்துவச் சட்டமே அதற்குக் காரணம். பெண்கள் தாங்களே தலைமை தாங்கிய ஒரு சங்கம், சமத்துவத்தின் பெயரால் கலைந்தது.

இந்த ஒற்றுமைக்கு நிறவெறி வகுத்த எல்லையும் இருந்தது. அதையும் சொல்லாமல் கடக்கக் கூடாது. 1890களில் பியூட்டின் தொழிற்சங்கங்கள் சீனர்களின் உணவகங்களையும் சலவைக் கடைகளையும் புறக்கணிக்கச் சொல்லிப் போராட்டம் நடத்தின. சீனர்கள் இல்லாவிட்டால் அந்த வேலைகள் வெள்ளைப் பெண்களுக்குக் கிடைக்கும் என்பது அவர்கள் சொன்ன நியாயங்களில் ஒன்று. சீன வணிகர்கள் நீதிமன்றம் போய் அந்தப் புறக்கணிப்புக்கு எதிராக உத்தரவு பெற்றார்கள். ஒரு பெண்ணின் வேலையைக் காப்பது என்ற பெயரில் இன்னொருவரின் அடுப்பை அணைக்கும் அரசியல் நமக்கும் புதிதல்ல.

சந்துக்குள் இருந்தவர்கள்

சங்கத்தில் சேர முடியாத உழைப்பாளிகளும் ஊரில் இருந்தார்கள். பியூட்டின் பாலியல் தொழில் பகுதி, மேற்கிலேயே பெரியவற்றில் ஒன்றாக இருந்தது. டூமாஸ் என்ற கட்டடம் 1890இல் அந்தத் தொழிலுக்காகவே கட்டப்பட்டது. 1982 வரை அது இயங்கியது. மேல்தளங்களில் வசதியான அறைகள். கீழே சந்தைப் பார்த்த, ஒரு கட்டில் மட்டுமே போடக்கூடிய பொந்து போன்ற அறைகள்.

இந்தத் தொழில் சட்டப்படி குற்றம். ஆனால் ஊர் நிர்வாகம் அந்தப் பெண்களிடம் மாதாமாதம் அபராதம் வசூலித்தது. அபராதம் கட்டிவிட்டு அடுத்த நாள் அதே அறைக்குத் திரும்பலாம். பெயர் அபராதம், நடைமுறையில் வரி. அந்தப் பணம் ஊர் நடத்த உதவியது. கட்டடத்தின் சொந்தக்காரர்களுக்கு வாடகை போனது. அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது அவமானம். இன்று சுற்றுலாப் பயணிகள் அந்தத் தெருவைப் பார்க்க வருகிறார்கள். வழிகாட்டிகள் வேடிக்கைக் கதைகள் சொல்கிறார்கள். அங்கே வந்து சேர்ந்தவர்களில் எத்தனை பேர் சுரங்கத்தில் கணவனை இழந்தவர்கள் என்று யாரும் கணக்கு எடுத்துவைக்கவில்லை.

1917: கைம்பெண்களின் ஜூன் மாதம்

1917 ஜூன் 8ஆம் தேதி இரவு. தீப்பாதுகாப்பு ஏற்பாடுகளுக்காகக் கிரானைட் மவுண்டன் சுரங்கத்துக்குள் இறக்கிய மின்கம்பி வடம் நழுவி விழுந்தது. அதைப் பார்வையிடப் போனவரின் விளக்குச் சுடர் வடத்தின் எண்ணெய் ஊறிய உறையில் பட்டுப் பற்றிக்கொண்டது. இதோடு இணைந்திருந்த ஸ்பெகுலேட்டர் சுரங்கத்துக்கும் புகையும் நச்சு வாயுவும் பரவின. 168 பேர் இறந்தார்கள். நிலக்கரி அல்லாத சுரங்கங்களில் அமெரிக்கா கண்ட மிகப் பெரிய விபத்து இதுதான்.

மானஸ் டுக்கன் என்ற இளம் தொழிலாளி, தன்னுடன் இருந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு துணியாலும் பலகையாலும் மண்ணாலும் தடுப்புக் கட்டினார். 25 பேர் உயிரோடு வெளியே வந்தார்கள். அவர் வரவில்லை. இருட்டுக்குள் இருந்தபடியே கர்ப்பிணியான மனைவிக்குக் குறிப்புகள் எழுதிவைத்திருந்தார். அந்தக் குறிப்புகள் இன்றும் பேசப்படுகின்றன. அவற்றைப் பெற்றுக்கொண்ட மனைவி, அதன் பிறகு தகப்பன் இல்லாத குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி வாழ்ந்தார் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

கணவனை இழந்த பெண்ணுக்கு அந்த ஊரில் என்ன வழி இருந்தது? வீட்டில் ஆட்களைத் தங்கவைத்துச் சமைக்கலாம். துணி துவைக்கலாம். உணவகத்தில் பரிமாறலாம். மறுமணம் செய்துகொள்ளலாம்; அவரும் சுரங்கத் தொழிலாளியாகத்தான் இருப்பார். சுரங்கத்தில் பெண்களுக்கு வேலை கிடையாது. பெண் உள்ளே இறங்கினால் கெடுதல் நேரும் என்ற நம்பிக்கை வேறு.

விபத்தைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்கு ஆதரவாக வந்திருந்த தொழிற்சங்கத் தலைவர் ஃபிராங்க் லிட்டிலை ஆகஸ்ட் 1ஆம் தேதி முகமூடி அணிந்தவர்கள் இழுத்துப்போய்த் தூக்கிலிட்டார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. ஊரே பயந்து கிடந்த அந்த ஆகஸ்ட் மாதத்தில் ஒரு பெண் பியூட்டுக்கு வந்து, பெரும் கூட்டத்தின் முன் தொழிலாளர்களுக்காகப் பேசினார். ஜெனெட் ராங்கின்.

மொன்டானா பெண்கள் 1914இல் ஓட்டுரிமை பெற்றார்கள். இரண்டே ஆண்டுகளில், 1916இல், மிசூலா பக்கத்துப் பண்ணையில் பிறந்த ராங்கினை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போன முதல் பெண் அவர். நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1920இல்தான். 1917 ஏப்ரலில் முதல் உலகப் போரில் இறங்குவதை எதிர்த்து வாக்களித்தவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டில் அனகொண்டா செம்பு நிறுவனத்தையும் எதிர்த்தார். அந்த நிறுவனம் மொன்டானாவின் பல நாளிதழ்களைத் தன் கையில் வைத்திருந்தது. அதை எதிர்ப்பது என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். 1918இல் செனட் தேர்தலில் நின்று தோற்றார். 1940இல் மீண்டும் வென்றார். 1941 டிசம்பரில் ஜப்பான் மீதான போர்ப் பிரகடனத்தை எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினராக நின்றார்.

ஊரைத் தின்ற குழி

1955இல் அனகொண்டா நிறுவனம் ஊரின் கிழக்குப் பக்கத்தில் பெர்க்லி குழியைத் தோண்டத் தொடங்கியது. நிலத்தடிச் சுரங்கத்தைவிடத் திறந்தவெளிச் சுரங்கத்தில் செலவு குறைவு. ஆட்களும் குறைவாகத் தேவை. குழி வளர வளர, அதன் வழியில் இருந்த குடியிருப்புகளை நிறுவனம் வாங்கி அழித்தது. இத்தாலியர்கள் வாழ்ந்த மீடர்வில் போனது. ஸ்லாவியர்கள் வாழ்ந்த மெக்குவீன் போனது. ஃபின்லாந்துக்காரர்களின் தெருக்களில் பெரும்பகுதி போனது. 1973இல், குழந்தைகளும் பெண்களும் பல தலைமுறைகளாகப் போய்வந்த கொலம்பியா தோட்டம் என்ற பூங்காவையும் மூடினார்கள்.

நிறுவனம் வீட்டுக்கு விலை கொடுத்தது. ஆனால் வீடு மட்டுமா போனது? ஊர் நிறைய வேலைநிறுத்தங்களைக் கண்டது. 1967 ஜூலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் எட்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. அப்படிப்பட்ட மாதங்களில் குடும்பத்தைக் காப்பாற்றியது மனைவியின் உணவகச் சம்பளமும், முன்கூட்டியே பதப்படுத்திவைத்த காய்கறியும், கடன் சொல்லிப் பொருள் தரும் பக்கத்துத் தெருக் கடையும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அடுத்த வீட்டுப் பெண்ணும்தான். பெண்கள் பல ஆண்டுகள் பின்னிய வலை அது. தெரு போனபோது அந்த வலையும் அறுந்தது. அதற்கு யாரும் விலை வைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அனகொண்டா ஊரின் உருக்காலையில் ஆள் இல்லாமல் போகவே பெண்களைச் சேர்த்தார்கள். போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1970களில் சமத்துவச் சட்டங்களின் பலத்தில் பெண்கள் அந்த நல்ல சம்பள வேலைகளுக்குள் மீண்டும் நுழைந்தார்கள். அவர்கள் நிலைபெறுவதற்குள் வேலையே இல்லாமல் போனது. 1980இல் உருக்காலை மூடப்பட்டது. 1982இல் பெர்க்லி குழியிலும் வேலை நின்றது. அடியில் இருந்த சுரங்கங்களின் நீரிறைக்கும் பம்புகளையும் நிறுத்தினார்கள். அமிலமும் கன உலோகங்களும் கலந்த நீர் ஏறி, குழி ஒரு நச்சு ஏரியானது. 1995இல் அதில் இறங்கிய முந்நூற்றுக்கும் மேற்பட்ட பனி வாத்துகள் செத்து மிதந்தன. நிறுவனம் போன பின்பு அதன் கழிவோடு வாழ ஊர் மட்டும் மிஞ்சியது.

இன்று பியூட், அமெரிக்க அரசின் மாசு அகற்றும் திட்டத்தில் உள்ள பெரிய இடங்களில் ஒன்று. வீட்டு முற்றத்து மண்ணிலும் பரண் தூசியிலும் ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கின்றனவா என்று சோதித்துச் சுத்தம் செய்யும் திட்டமும் நடக்கிறது. கிளார்க் முகத்துக்கு நல்லது என்று சொன்ன அதே ஆர்சனிக், நூறு ஆண்டுகள் கழித்தும் வீட்டுப் பரணில் கிடக்கிறது. குழந்தை எங்கே தவழ்கிறது, தூசியை எப்படித் துடைப்பது என்ற கவலை இன்றும் பெரும்பாலும் யாருடையது என்று நாம் ஊகிக்கலாம்.

சிலையும் பதிவேடும்

ஊரின் கிழக்கே மலை முகட்டில் 90 அடி உயரத்தில் ஒரு வெள்ளைச் சிலை நிற்கிறது. 'ராக்கி மலை மாதா'. சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்த காலத்தில் வேலையிழந்த தொழிலாளர்கள் உட்படப் பலர் தங்கள் உழைப்பைக் கொடுத்து உருவாக்கியது. 1985 டிசம்பரில் ஹெலிகாப்டரின் உதவியோடு கடைசிப் பகுதியையும் பொருத்தினார்கள். பெண்களுக்கு, குறிப்பாகத் தாய்மார்களுக்கு, அதை அர்ப்பணித்தார்கள். இரவில் விளக்கொளியில் ஊர் முழுக்கத் தெரியும். நொந்துபோயிருந்த ஊருக்கு அது தெம்பு கொடுத்தது உண்மை. அதை நாம் இழித்துப் பேச வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சிலை கைவிரித்து அருள்கிற தாய். கூலி கேட்காத தாய். பியூட்டின் பெண்கள் அப்படி மட்டும் இருந்ததில்லை. அவர்கள் சந்தா கட்டினார்கள், ஒப்பந்தம் எழுதினார்கள், உணவகத்தின் முன்னால் மறியல் செய்தார்கள்.

அதே ஊரில், பழைய தீயணைப்பு நிலையக் கட்டடத்தில் பொது ஆவணக் காப்பகம் இயங்குகிறது. பெண்கள் பாதுகாப்புச் சங்கத்தின் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. 1980இல் ஆய்வாளர்கள் அந்தச் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களைச் சந்தித்து அவர்களுடைய நினைவுகளை ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகள் இல்லாவிட்டால், இந்தக் கட்டுரையில் நீங்கள் படித்தவற்றில் பாதியை யாராலும் எழுதியிருக்க முடியாது.

நம் ஊர்களிலும் மில் வாசலில் இட்லிக் கடை போட்டவர்கள், விடுதியில் சமைத்தவர்கள், வீட்டில் ஆள் தங்கவைத்துச் சோறு போட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் வயதானவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மாணவிகளான உங்கள் கையில் இப்போது ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. முதல் கேள்வியாக, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவதாக, எவ்வளவு கூலி கிடைத்தது என்று கேளுங்கள்.